பிரேக்கரின் ஆம்பியரைக் கூட்டுவது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே சிறிய லேத், துளையிடும் இயந்திரம், கிரைண்டர் ஆகியவற்றை வைத்து வேலை செய்பவர்களிடம் காணப்படும் ஓர் ஆபத்தான பழக்கத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இயந்திரத்தை இயக்கியதும் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழுந்தால், 16 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியரைப் பொருத்திவிட்டு, சிக்கல் தீர்ந்ததாகக் கருதிவிடுகிறார்கள்.

எம்.சி.பி. முதன்மையாகக் காப்பது கம்பியைத்தான். சுவருக்குள் குழாயில் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டத்தையே தொடர்ந்து தாங்கும். அதில் 30 ஆம்பியர் பாய்ந்தாலும் 32 ஆம்பியர் பிரேக்கர் விழாது. கம்பியின் காப்புறைதான் யார் கண்ணிலும் படாமல் சூடேறி இளகும்.

மோட்டார் புறப்படும்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 5 முதல் 8 மடங்கு வரை இழுப்பது இயல்பு. வேகம் கூடியதும் அது தணிந்துவிடும். பி வகை எம்.சி.பி. தன் ஆம்பியர் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் உடனடியாக விழும்படி அமைக்கப்பட்டவை. ஆகவே, ஆம்பியரை மாற்றாமல் வகையை மட்டும் மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது. டி வகைக்குச் செல்லும் முன், மின்கசிவு நேர்ந்தால் அதை விழவைக்கும் அளவுக்கு எர்த் இணைப்பு வலுவாக உள்ளதா என்று தகுதி பெற்ற மின்பணியாளர் அளந்து பார்த்தாக வேண்டும்.

மோட்டாரைக் காப்பது வேறு வேலை. ஒரு குதிரைத்திறன் கொண்ட ஒற்றை பேஸ் மோட்டார் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் எடுக்கும். வெட்டுளி சிக்கி அது 10 ஆம்பியராக உயர்ந்தால், 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, மோட்டாருக்குள் சுற்றப்பட்ட கம்பிதான் கருகும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ஏற்ப அமைக்கப்பட்ட ஓவர்லோட் ரிலேயே (மிகைச்சுமை நீடித்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி) அதைத் தடுக்கும். காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஸ்டார்ட்டராக இருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும்போது பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தாமல் இயந்திரம் சுழலாது. வெறும் சுவிட்சில் ஓடும் லேத்தில், மின்தடையின்போது சக்கில் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் பாகத்தில்) கை வைத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கவே அச்சமாக உள்ளது.

மனித உயிரைக் காக்க, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், அது இருப்பதால் எர்த் வேண்டாம் என்றோ எம்.சி.பி. வேண்டாம் என்றோ ஆகிவிடாது.

எவ்வளவு பருமனுள்ள கம்பி, எந்த வகை எம்.சி.பி., ஓவர்லோட் ரிலேக்கு எத்தனை ஆம்பியர் ஆகிய மூன்றையும், வாங்குபவர் படிக்கும் மொழியில் அச்சிட்டு இயந்திரத்திலேயே ஒட்டித் தருமாறு உற்பத்தியாளர்களையும் விற்பனையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்