வாலால பாக்கிற புழு

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

மச்சான் சிவா,

உன்ர கடிதம் வந்து மூண்டு மாதமாச்சு. அம்மாவோட ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சதில பதில் எழுதேலாமப் போச்சு, குறை நினையாத. இப்ப எழும்பி நடக்கிறா. உன்ர கண் ஒப்பரேசன் என்ன மாதிரி? சொட்டு மருந்தை ஒழுங்கா விடு. நீ விடமாட்டாய் எண்டு வதனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்களுக்குப் படிப்பிச்ச மணியம் சேரின்ர உயிரியல் குறிப்புகளை அச்சுக்குக் குடுத்திட்டியோ? குடுத்திருந்தா உடன நிப்பாட்டு. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

அதில வளையப்புழு, அதுதான் மண்புழு மாதிரி உடம்பு வளையம் வளையமா இருக்கிற புழுக்கள், அந்தப் பாடத்தில ஒரு வரி வருமெல்லே, புலன் முழுக்கத் தலைப்பக்கம், வால் சும்மா இழுபடுகிற பின்துண்டு எண்டு. அதையே நானும் 26 வருசமா இஞ்ச சொல்லிக் குடுத்திட்டன். அது பிழை மச்சான்.

போன கிழமை என்ர ஏ.எல். வகுப்புக்கு ஒரு பெடியன் ஜாம் போத்தல் ஒண்டோட வந்தான். கடைசி வாங்கில, வாயே திறவாதவன். வீட்டில மீன் வளக்கிறான். போத்தலுக்க ரெண்டு விரல் சேறு, மேல சிவப்பு நூல் மாதிரி டியூபிபெக்ஸ் புழுக்கள். தலை சேத்துக்க, வால் தண்ணியில ஆடுது, அதாலதான் அதுக்கு மூச்சு. "சேர், மேசையில ஒருக்காத் தட்டுங்கோ" எண்டான். தட்டினன். சிவப்பே இல்லை! வெறும் சேறு. கண் இமைக்க முன்னம் முடிஞ்சுது. பிறகு ஒவ்வொண்டா வால் வெளிய வந்துது. அந்த நேரம் கடற்கரைப் பக்கமா ரயில் போய் மேசை அதிர, திரும்பவும் எல்லாம் உள்ள. விடாமத் தட்டிக்கொண்டிருந்தா அரைவாசி அசையாம நிண்டுது, பழகிப்போச்சு. தூரிகை மயிரால வாலைத் தொட்டா மட்டும் பழையபடி பாய்ஞ்சுது.

"அப்ப ஆபத்து வாறதை வால்தானே சேர் அறியுது?" எண்டான். எனக்குப் பதில் வரேல்லை.

அண்டைக்கு ராத்திரி முழுக்க வாசிச்சன். அமெரிக்காவில ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில சார்ள்ஸ் ட்ரூஸ் எண்டவர் இதிலயே கனகாலம் வேலை செய்தவர். அவர் பாத்தது லும்பிரிகுலஸ் எண்ட கரும்புழு. ஆழமில்லாத குளத்தில தலையைக் கீழ வைச்சு, வாலை நீர்மட்டத்தில மடிச்சு மூச்செடுக்கும். மேலால ஒரு நிழல் விழுந்தாப் போதும், வால் சடக்கெண்டு கீழ வந்திடும். கண் இல்லை, ஆனா வால் தோலில ஒளியை உணருகிற கலங்கள் இருக்கு. மீனோ பறவையோ முதல் கொத்திறது வாலைத்தானே, காவலும் அங்கதான் நிக்க வேணும்.

புழுவின்ர வயித்துப்பக்க நரம்பு நாண் வழிய மூண்டு தடிச்ச நரம்பிழை ஓடுது. தலையில பட்டா நடுவில உள்ளது வேலை செய்யும், வாலில பட்டா பக்கத்து ரெண்டும் ஒண்டாச் சேந்து வேலை செய்யும். இழை தடிச்சா உள்ளுக்குள்ள மின்தடை குறையும், செய்தி விரைவாப் போகும். கணவாயின்ர தடிச்ச இழையில ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல நரம்பில மின்செய்தி ஓடுற விதத்துக்குக் கணக்குப் போட்டு 1963இல நோபல் வாங்கினதை நாங்கள் மனப்பாடம் பண்ணினனாங்கள். ஆனா உயிரோட ஒரு புழுவைத் தொட்டுப் பாத்தமோ, சொல்லு? கரும்பலகையில மணியம் சேர் கீறின படம் ஒண்டுதான். அந்தக் காலத்தில அவருக்கும் வேற வழி இல்லை, அவரில குறை சொல்லேல்லை.

இன்னொண்டு. 2023இல கரும்புழுக் கூட்டத்தைப் பற்றி ஒரு ஆய்வு வந்திருக்கு. ஒண்டோடொண்டு பின்னிப் பந்தாகத் திரள நிமிசக்கணக்கில எடுக்குமாம். ஆபத்தெண்டா ஒரு விநாடியிலும் எவ்வளவோ குறைஞ்ச நேரத்தில அவ்வளவும் பிரிஞ்சிடுமாம். இடமும் வலமுமா மாறி மாறி முறுக்கிற ஒரு நெளிவாலதான் அந்த முடிச்சு அவிழுது. உன்ர வலைக்காரச் சித்தப்பா இதைக் கேட்டா விடமாட்டார்!

அடுத்த சனி அந்தப் பெடியன் காட்போட் மட்டையால நிழல் விழுத்திப் பாக்கப்போறான், டியூபிபெக்ஸும் ஒளிக்குதோ எண்டு. வகுப்பு முழுக்க அவனைச் சுத்தி நிக்கப்போகுது. நான் கடைசி வாங்கில இருந்து குறிப்பெடுக்கிறன். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தை வெறுமையா விட்டுவை, திருத்தின வரியை ஞாயிறே அனுப்புறன்.

அன்புடன்,
ரகு