திங்கட்கிழமை ஓடாதே

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ளே இருக்கு. வாசல் முருங்கை காத்துக்கு முறிஞ்சுபோச்சு. மத்த சேதி அப்புறம்.

நீ அரை மாரத்தானை 2 மணி நேரத்துக்குள்ளே முடிச்ச படத்தைத் தங்கச்சி அனுப்பினா. 46 வயசில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. தெருவில் ஒருத்தர் விடாமக் காட்டிட்டேன். ஆனா படத்தில் உன் காறை எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது, தொடை வத்தியிருக்கு. வாரத்தில் 7 நாளும் ஓடுறியாமே. ஏன்னு நான் கேட்கலை.

முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறதைத் தங்கச்சிகிட்டதான் சொல்லியிருக்கே. அந்த எலும்போட உள்விளிம்பை மேலிருந்து கீழே கட்டைவிரலால அழுத்திப் பாரு. நாலு விரல் நீளத்துக்குப் பரவலா வலிச்சா, எலும்பை ஒட்டின சவ்வும் தசையும் புண்பட்டிருக்கு. ஓட்டத்தைக் குறைச்சா அடங்கும். ஒரு விரல் மூடுற இடத்தில் மட்டும் சுரீர்னு வலிச்சா, ராத்திரி படுத்தாலும் வலிச்சா, மயிரிழை விரிசலா இருக்கும்னு அன்னைக்கே ஓட்டத்தை நிறுத்து. எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு நம்பிடாதே. முதல் 2, 3 வாரம் அதில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிஞ்சது உனக்கு மறந்திருக்காது.

மாதவிலக்கு தள்ளிப்போறதை வயசுன்னு விட்டுட்டியாம். வயசாவும் இருக்கலாம், ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தாமலும் இருக்கலாம். எதுவானாலும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சா எலும்பு கரையும். டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லு. எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுற ஃபெரிட்டின், வைட்டமின் டி மூணையும் கேட்டு எடு.

ஓடுறதே எலும்புக்குப் போதும்னு வாதாடுவே. முதுகெலும்புக்குப் போதாது, பளு வேணும். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிலக்கு நின்னு எலும்பு அடர்த்தி குறைஞ்ச பெண்களை வாரம் 2 தடவை, அரை மணி நேரம், 5 ரெப் 5 செட், அதாவது விடாம 5 தடவை தூக்கி ஓய்வெடுத்து, அப்படி 5 சுத்து, கனமாத் தூக்க வச்சாங்க. பக்கத்தில் ஆள் நின்னு பார்த்துக்கிட்டாங்க. 8 மாசத்தில் முதுகெலும்பு அடர்த்தி கூடியிருந்தது.

2 கிலோ டம்பெல்லை மூச்சு வாங்க 20 தடவை ஆட்டுறது பளுப் பயிற்சி இல்லை, அது இன்னொரு ஓட்டம். கால் வலி என்னன்னு தெளிவானதும் தட்டு மாட்டாத வெறும் கம்பியைத் தோளில் வச்சு உட்கார்ந்து எழுந்திருக்கிற ஸ்குவாட்டும், அதையே தரையிலிருந்து தூக்குற டெட்லிஃப்ட்டும் பழகு. முதல் 4 வாரம் 8 ரெப், பிறகு 5 ரெப் 3 செட். செட் முடியும்போது இன்னும் ஒண்ணு ரெண்டு தூக்கலாம்ங்கிற அளவு கனம். நடுவில் 2, 3 நிமிஷம் உட்காரு. அவசரப்பட்டா அடுத்த செட்டில் பளு குறையும், செஞ்சது வீண். கெண்டைக்காலை மறக்காதே. படி விளிம்பில் ஒத்தைக்காலில் ஏறி, 3 விநாடி எடுத்து இறங்கு. முட்டியை நீட்டி ஒரு செட், மடக்கி ஒரு செட். ஓடும்போது அதிக பாரம் தாங்குற உள்தசைக்கு முட்டி மடங்கினா வேலை கூடும்.

ஏழு நாளும் ஓடி, மேலே பளுவையும் ஏத்தினா ரெண்டும் கெடும். 1980ல ராபர்ட் ஹிக்சன்னு ஒரு ஆய்வாளர் சிலரை வாரம் 5 நாள் பளுவும் 6 நாள் ஓட்டம், சைக்கிளும் சேர்த்துச் செய்ய வச்சுப் பார்த்தார். ஏழெட்டு வாரம் வரை ஏறின பலம் அப்புறம் இறங்கிடுச்சு. அதனால செவ்வாய் காலையில் வேக ஓட்டம், குறைஞ்சது 6 மணி நேரம் விட்டுச் சாயங்காலம் பளு. புதன் பேசிக்கிட்டே ஓடுற மாதிரி மெதுவா. வியாழனும் அப்படியே. வெள்ளி ரெண்டாவது பளு, சனி நடை, ஞாயிறு நீள ஓட்டம். மறுநாளே நீள ஓட்டம் இருக்கு, அதனால பளுவைச் சனிக்குத் தள்ளாதே. முதல் மாசம் கிலோமீட்டரில் அஞ்சில் ஒரு பங்கைக் குறை. திங்கள் ஓட்டமும் கிடையாது, ஜிம்மும் கிடையாது.

வெறும் காபியில் 15 கிலோமீட்டர் ஓடாதே, ஒரு வாழைப்பழமாவது சாப்பிடு. உன் 52 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் புரதம் வேணும். இட்லியில் அது வராது. ரெண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 14, 100 கிராம் பன்னீரில் 18. நாலு வேளைக்கு 20, 20ஆ பிரிச்சுக்கோ. ராத்திரி தனியா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கலைன்னா தட்டை வச்சுக்கிட்டு எனக்கு வீடியோ கால் போடு. அந்த வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஒரு காரியத்தைப் பிடிச்சா விடமாட்டே, அது உன் பலம். காலை அழுத்திப் பார்த்து எந்த வலின்னு இன்னைக்கே எழுது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எலும்பு அடர்த்தியைச் சொல்ற டி-ஸ்கோர் இருக்கிற பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்பு, தங்கச்சிக்கு இல்லை, எனக்கு. திங்கட்கிழமை ஓடாதே.

அன்புடன்,
அம்மா