ராமன் விளைவின் நூற்றாண்டு அஞ்சல்தலை எங்கள் கவுன்டருக்கும் வரட்டும்

நினைவு அஞ்சல்தலைகளைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஒளிச்சிதறலில் சி. வி. ராமன் கண்டுபிடித்த ராமன் விளைவுக்கு 2028 பிப்ரவரி 28 அன்று நூறு வயது. அதற்கு அஞ்சல்தலை வெளியிடுங்கள் என்று பலரும் கேட்பார்கள். நானும் கேட்கிறேன். கூடவே ஒன்று: அது சாதாரண அஞ்சலகத்தின் சாதாரண கவுன்டரில் கிடைக்க வேண்டும்.

பெங்களூரு அல்சூரில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதே பிப்ரவரி 28இல் கொண்டாடும் அறிவியல் நாளுக்காகக் கடந்த முறை பதினோரு பேர் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குக் கடிதம் எழுதினார்கள். ராமனைப் பற்றி நாலு வரியாவது இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி உறையின் வலது மூலையில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தாள். "இங்க ராமன் ஸ்டாம்ப் ஒட்டணும் மிஸ்."

அவர்களை அழைத்துக்கொண்டு ஓர் அஞ்சலகத்துக்குப் போனேன். விஞ்ஞானி ஸ்டாம்ப் எதுவும் இல்லை. சரி, ஏதாவது ஸ்டாம்ப்? ஐந்து ரூபாய் ஸ்டாம்ப்பே தீர்ந்துவிட்டது, ஸ்பீடு போஸ்டில் போடுங்கள் என்றார்கள். நினைவு ஸ்டாம்ப்புக்கு நகரின் பெரிய தலைமை அஞ்சலகமான ஜி.பி.ஓ.வுக்குப் போக வேண்டுமாம். பதினோரு பிள்ளைகளோடு எங்கே போவேன்? பணத்தைக் கட்டினேன். அந்தப் பென்சில் கட்டத்தின் மேலேயே பார்கோடு ஸ்டிக்கர் விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. உறையை நீட்டிய கையை மட்டும் கவுன்டரிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

கவுன்டரில் இருந்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தன்னிடம் வராததை அவர் எப்படித் தருவார்?

என் அப்பா பீன்யாவில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தவர். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா உருவானது அந்தத் தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில்தான். 1975 ஏப்ரல் 19 அன்று அது சோவியத் மண்ணிலிருந்து விண்ணுக்குப் போனது. மறுநாளே 25 காசு அஞ்சல்தலை வந்துவிட்டது. ஊருக்கு மணியார்டர் அனுப்பப் போன இடத்தில் அப்பா அதை வாங்கினார். பக்கத்து ஷெட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்ததே அந்தத் துண்டுக் காகிதத்தால்தான். ராமனின் முதலாம் நினைவு நாளில், 1971இல், வெளியான 20 காசுத் தலையும் அதே ஆல்பத்தில் இருக்கிறது. எதையும் அவர் தேடி அலைந்ததில்லை.

ராமனின் முகம் அப்போதே வந்துவிட்டது. இந்த முறை கண்டுபிடிப்பே படமாகட்டும். பாதரச விளக்கின் நீல ஒளி திரவத்துக்குள் போகிறது. சிதறும் ஒளியில் பெரும்பகுதி போன நிறத்திலேயே வருகிறது. மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி, நிறம் மாறி வருகிறது. அந்தப் புதிய கோடுகள் ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை மாதிரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி வரையலாம். கே. எஸ். கிருஷ்ணன் பெயரும் அதில் இருக்க வேண்டும். 1928இல் 'நேச்சர்' இதழில் வந்த அறிவிப்பில் ராமனோடு கையெழுத்திட்டவர் அந்த வத்திராயிருப்புக்காரர். கண்டுபிடிப்பு நடந்தது கொல்கத்தாவில். ஆனால் பதினேழே நாளில், மார்ச் 16 அன்று, ராமன் அதை விளக்கிப் பேசியது எங்கள் பெங்களூரில். ஆகவே இங்கேயும் ஒரு சிறப்பு அஞ்சல் முத்திரை கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

அஞ்சல்தலை சேகரிப்பவர்களுக்கு, பணம் கட்டிவைத்தால் புதிய தலைகளை அனுப்பிவைக்கும் முன்பணக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். நல்லது. கடிதம் எழுதுகிற பிள்ளைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? மேடையில் ஆல்பத்தை விரித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு ஓர் அஞ்சல்தலையின் வேலை முடிந்துவிடுமா? எங்கள் தெருமுனையில் இருந்த சிவப்புப் பெட்டியும் இப்போது இல்லை. பிள்ளைகள் கடிதமே எழுதுவதில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பதினோரு பேர் எழுதிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

கோபம் எழுத்தில் ஏறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோள் அதேதான்: ராமன் விளைவுக்கு நூற்றாண்டு அஞ்சல்தலை வெளியிடுங்கள், கடிதத்தில் ஒட்டக்கூடிய விலையில் அச்சிடுங்கள், எல்லா அஞ்சலகக் கவுன்டருக்கும் அனுப்புங்கள். இப்போதே முடிவெடுத்தால் நேரம் போதும்.

பென்சில் கட்டம் போட்ட அந்தப் பெண்ணுக்கு 2028இல் எட்டாம் வகுப்பு. தாத்தாவுக்கு மறுபடியும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பணிவுடன்,
அல்சூரிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியை