ஆர்ம்64 பைனரி வெளியிடும் திறமூலப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பில்ட் ஸ்கிரிப்டில் உள்ள, 'அவுட்லைன் அட்டாமிக்ஸ்' என்ற வசதியை அணைக்கும் ஒரே ஒரு கம்பைலர் ஃபிளாக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ராஸ்பெர்ரி பை 3-இல் இருப்பது கார்டெக்ஸ் ஏ53, பை 4-இல் கார்டெக்ஸ் ஏ72. இரண்டுமே ஆர்ம்வி8.0 என்ற கட்டளைத் தொகுப்புப் பதிப்பைச் சேர்ந்த ப்ராசசர்கள். அட்டாமிக் கூட்டலை, அதாவது பல கோர்கள் பகிரும் ஒரு மதிப்பில் வேறு கோர் குறுக்கிடாமல் கூட்டுவதை, இவை ஒரு லூப்பாகத்தான் செய்யும். மதிப்பைப் படித்து, கூட்டி, திரும்ப எழுதப் பார்க்கும். நடுவில் வேறொரு கோர் அந்த இடத்தில் எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நாலு கோரில் இது பெரிதாகத் தெரியாது. அமேசானின் 64 கோர் சர்வர் சிப்பான கிராவிட்டான்2-இல் எல்லாத் திரெட்டும் ஒரே லாக்கை மொய்க்கும்போது இந்த லூப்பிலேயே நேரம் கரைந்துவிடும். அதற்காகத்தான் ஆர்ம்வி8.1-இல் எல்எஸ்இ என்ற புது அட்டாமிக் கட்டளைத் தொகுதி வந்தது: அதே வேலை ஒற்றைக் கட்டளையில்.

சரி, எந்த ஆர்ம் பதிப்புக்கு பில்ட் செய்வது என்று கம்பைலருக்குச் சொல்லும் மார்ச் (-march) ஃபிளாக்கில் 8.1 என்று போட்டால் முடிந்ததே என்று சிலர் போட்டுவிடுகிறார்கள். பை 4 வைத்திருப்பவருக்கு அப்புறம் கிடைப்பது 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற ஒற்றை வரி. நேற்றுவரை ஓடிய நிரல் அப்டேட் செய்ததும் ஏன் செத்தது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்தத் தொல்லை இனி தேவையே இல்லை. 2020-இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர், லினக்ஸில் அவுட்லைன் அட்டாமிக்ஸைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. அட்டாமிக் வேலைகள் ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியில் உள்ள சிறு ஃபங்ஷன்களுக்குப் போகும். எல்எஸ்இ உண்டா என்று நிரல் தொடங்கும்போதே பார்த்து வைத்திருப்பதால், உண்டென்றால் ஒற்றைக் கட்டளை, இல்லையென்றால் பழைய லூப். கூடுதல் செலவு ஒரு ஃபங்ஷன் அழைப்பும் ஒரு சோதனையும்தான். கிளாங் கம்பைலரிலும் பின்னர் இதே வசதி வந்துவிட்டது.

ஆனால் பல திட்டங்களில் இதை அணைத்து வைத்திருக்கிறார்கள், அதுதான் வருத்தம். எப்போதோ லிங்க் செய்யும்போது அந்த ஃபங்ஷன்கள் கிடைக்கவில்லை என்று பிழை வந்திருக்கும். அவசரத்தில் யாரோ 'நோ அவுட்லைன் அட்டாமிக்ஸ்' என்று திட்டம் முழுக்கப் போட்டிருப்பார்கள். லிப்ஜிசிசி இல்லாமல் லிங்க் ஆகும் பூட்லோடருக்கு அது சரி. டேட்டாபேஸுக்கு அது ஏன்?

பொதுப் பைனரிக்கு மார்ச் ஃபிளாக்கை ஆர்ம்வி8-ஏ என்றே விடுங்கள். அணைக்கும் ஃபிளாக்கை எடுத்துவிட்டு, லிங்க் பிழை வந்தால் லிப்ஜிசிசியைச் சேருங்கள். கிராவிட்டான்2-க்கென்றே தனி பில்ட் தருவதானால் தாராளமாக அதன் கோரான நியோவர்ஸ் என்1 என்று குறிவையுங்கள். கோப்பின் பெயரிலேயே அதை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயனர்களில் ஒருவன்