மருத்துவரை மாற்றச் சொல்லும் காப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பிலிருந்து வெளியேறிய எங்களைப் போன்றோருக்கு நிர்வாகம் எடுத்துத் தரும் குழு மருத்துவக் காப்பீடே துணை. இந்த ஏப்ரலில் நிர்வாகம் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றியது. புதிய அட்டை கைக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே அது தெரிந்தது. என் மனைவியின் முதுகுத்தண்டுக் கோளாறை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்ட கிருஷ்ணகிரி மருத்துவரின் மருத்துவமனை, புதிய காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவமனைப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் ரொக்கமின்றிச் சிகிச்சை பெற, காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டு கவுன்சில் 2024 ஜனவரியில் வழிசெய்தது. திட்டமிட்ட சிகிச்சையென்றால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரமென்றால் அனுமதிக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் இதை யாரும் சொல்லவில்லை. நானே தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் மருத்துவமனை அலுவலகத்திலோ, முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு ரசீதுகளைக் கொடுத்துத் திரும்பப் பெறுமாறு கூறுகிறார்கள். நகையை அடகு வைக்காமல் அவ்வளவு பணத்தை உடனே புரட்ட எங்களால் இயலுமா?

பிரீமியம் குறைகிறது என்பதற்காக நிறுவனத்தை மாற்றும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஒப்பந்தம் செய்வதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவமனைப் பட்டியலைத் தொழிலாளர்களிடம் காட்டி, சிகிச்சையில் இருப்போரின் விவரம் கேட்டு, அவர்களுடைய மருத்துவமனைகளையும் பட்டியலில் சேர்க்கக் காப்பீட்டு நிறுவனத்திடம் வலியுறுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வாசகர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.