வாசகர் வட்டம், கடலூர்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை பதினொரு கூட்டங்கள் நடந்தன. மே மாதம் பலர் வெளியூர் போயிருந்ததால் கூடவில்லை. நம் வட்டத்தில் முன்பு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை கூட்டமே கிடையாது. மழையில் யார் வருவார்கள் என்பதுதான் காரணம். போன வருஷப் பொதுக்கூட்டத்தில் அதைக் கைவிட்டோம். நம் ஊருக்கு ஒரு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். அந்த நாட்களில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதைவிட, கூடி உட்கார்ந்து படிக்கலாம் என்று முடிவு செய்தோம். ஆகவே இந்த அறிக்கையில் அந்த மூன்று கூட்டங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் கூட்டம் வழக்கம்போல நம் ஊரில் பிறந்த இருவருக்கானது. புதுமைப்பித்தன் திருப்பாதிரிப்புலியூரில் 1906 ஏப்ரல் 25 அன்று பிறந்தார். ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24 அன்று பிறந்தார். வந்திருந்த கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி. எனக்கு அது வருத்தம்தான். ஜூனில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ படித்தோம். குடத்தோடு அலையும் சென்னைத் தெருவை அந்த வெயிலில் படித்ததால், ஐப்பசி மழைக்கு எல்லோருமே ஏங்கிப்போனோம்.

அக்டோபர் 27 அன்று கி. ராஜநாராயணன். இடைசெவலில் பிறந்து, கடைசிக் காலத்தில் நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் வாழ்ந்து, 2021 மே மாதம் மறைந்தவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பாடத்தைக் கவனிக்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் அவர் தன்னைப் பற்றிச் சொல்வார். கரிசல் மண்ணின் சொற்களுக்கு அகராதி செய்தவர் அவர். நம் ஊர் மழைக்கு என்னென்ன சொல் இருக்கிறது என்று நாமும் எழுதிப் பார்க்கலாமே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம்.

சுவரில் ஏறும் ஓதம், நமுத்துப்போன தீப்பெட்டி, கூரையில் ஒழுகும் இடமெல்லாம் வைக்கும் சட்டி, உள்கொடியில் மூன்று நாளாகியும் காயாத பள்ளிச் சீருடை என்று எழுதிக்கொண்டே போனோம். தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் “கூண்டு” என்றார். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. கூண்டு ஏற்றியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வீட்டில் மறுநாள் செலவுக்கே கணக்குப் போடுவார்களாம். கடலுக்குப் போகாத நாளில் கையில் காசு வராது. அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினோம். என் கணக்கில் இந்த ஆண்டின் நல்ல அரை மணி நேரம் அதுதான்.

நவம்பர் 24 அன்று ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966இல் வெளிவந்த கதை. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தியைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் ஒருவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைப் பற்றியும், தலையில் தண்ணீர் ஊற்றி மகளைத் தேற்றிய தாயைப் பற்றியும் எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வேறொன்று சொன்னார். இளவயதில் படித்தபோது அந்தக் கார்தான் கண்ணில் நின்றதாம். இப்போது படிக்கையில், மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்தான் தெரிகிறாளாம். முப்பது வருஷம் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனவர் அவர். புடவைக் கரையில் சேறு, பைக்குள் நனையாமல் ஒளித்து வைத்த விடைத்தாள் கட்டு என்று அவர் சொல்லச் சொல்ல, கதை எங்களுக்கு மிக அருகே வந்துவிட்டது.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததில் ஆற்றோரம் இருக்கும் நம் உறுப்பினர்கள் நால்வரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் அறைக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த 62 புத்தகங்கள் நனைந்தன. கீழ்த்தட்டை உயர்த்த வேண்டும் என்று 2011இல் தானே புயல் அடித்தபோதே பேசியிருந்தோம். செய்யாமல் விட்டது நம் தவறு.

டிசம்பர் 29 கூட்டத்தில் எதையும் படிக்கவில்லை. பதினான்கு பேர் வந்து புத்தகம் உலர்த்தினோம். வெயிலில் வைத்தால் தாள் முறுகி வளைந்துவிடும். செய்தித்தாளை இடையில் வைத்தால் மை ஒட்டும். அதனால் நாலைந்து தாளுக்கு ஒன்றாக வெள்ளைத் தாள் செருகி, விசிறிபோல விரித்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்தினோம். ஈரமான தாளை மணிக்கொரு தரம் மாற்ற வேண்டியிருந்தது. வழவழத் தாளில் அச்சான ஏழு புத்தகங்கள் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டன, அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற 55 புத்தகங்கள் பிழைத்தன. கி.ரா. புத்தகம் ஒன்றில் நீர் ஏறிய கோடு பழுப்பாக இன்னும் தெரிகிறது. அதை மாற்றி வேறு பிரதி வாங்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பைண்டிங் செலவு மட்டும் எதிர்பாராதது.

செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து மூன்றடிக்கு உயர்த்துவது ஒன்று. இந்த ஆண்டும் மழை மாதங்களில் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துவது இன்னொன்று. மழைச்சொல் நோட்டில் பதினெட்டுப் பக்கம் நிரம்பியிருக்கிறது. அது வெள்ளத்தன்று என் வீட்டில் இருந்ததால் தப்பியது. இப்போது மேசைமேல் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் உங்கள் வீட்டுச் சொல் ஒன்றையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.

செயலாளர்