யுகட்டானில் ஒரு கீரிமலை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் ரவீந்திரன்,

நலம், உன் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். மார்கழி விடுமுறையில் டொரோண்டோக் குளிரை விட்டு, இயற்கை நீர்நிலை ஒன்றில் ஆசைதீரக் குளிப்பதற்காகவே பயணம் போக விரும்புவதாகவும், ஐஸ்லாந்தா, சமோவாவா, மெக்சிக்கோவா என்று முடிவுசெய்ய முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். ஐஸ்லாந்தின் நீலக் குளத்தை விட்டுவிடு; எரிமலைப் பாறைகளின் நடுவே இருந்தாலும், அது புவிவெப்ப மின்நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறும் நீரால் உண்டானது. சமோவாவின் தோ சுவா ஏறத்தாழ 30 மீற்றர் ஆழமான அழகிய கடல்நீர்க் குழிதான்; ஆனால் செங்குத்தான ஏணியில் அம்மாவை இறக்க முடியாது.

ஆகவே மெக்சிக்கோவின் யுகட்டானுக்கே போ. நம் யாழ்ப்பாணத்தைப் போல அதுவும் சுண்ணாம்புக்கல்லால் ஆன குடாநாடு. நமக்காவது மழைக்காலத்தில் வழுக்கையாறு ஓடும், யுகட்டானின் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. பெய்யும் மழையெல்லாம் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்துக் குகைகளாக்கி, அக்குகைகளின் கூரை இடிந்த இடங்களில் 'செனோத்தே' எனப்படும் கிணறுகளாக வெளிப்படுகிறது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான சிக்சுலுப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, இவற்றில் பல வளையமாக அமைந்திருக்கின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளுடன் போனபோது, மாயா மக்களின் பழைய நகரான சிச்சென் இட்சாவுக்கு அருகிலுள்ள இக் கில் என்ற செனோத்தேயில் இறங்கினேன். நீர்மட்டம் தரைக்கு ஏறத்தாழ 26 மீற்றர் கீழே இருக்கிறது. மேலிருந்து கொடிகள் ஆலம்விழுதுகளைப் போல நீர்வரை தொங்குகின்றன. உடலில் பூசிய களிம்பு நீரைக் கெடுக்கும் என்பதால் முதலில் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் இறங்க விடுகிறார்கள். கேணியில் இறங்குமுன் காலைக் கழுவச் சொல்லும் அப்பாவின் குரல் எனக்கு அங்கே கேட்டது. சிச்சென் இட்சாவிலேயே உள்ள புனிதக் கிணற்றில் குளிக்க அனுமதியில்லை. மாயா மக்கள் மழைத்தெய்வத்துக்குக் காணிக்கை இட்ட இடம் அது.

கரையோரச் செனோத்தேக்களில் நன்னீர் மேலேயும், அதைவிடக் கனமான கடல்நீர் கீழேயும் நிற்பதாகவும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கண்முன்னே நீர் கானலைப் போல மங்குவதாகவும் சுழியோடி ஒருவர் விளக்கியபோது, நம்மூர் நிலாவரைக் கிணறு உடனே நினைவுக்கு வந்தது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்று நாம் சிறுவயதில் அதிசயமாகக் கேட்டதும் இதுவே. கடலுக்கு ஒட்டினாற்போல் நம் கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவதற்கும் அதே கல்தான் காரணம்.

அந்த நன்னீர்ப் படை மெல்லியது, ரவீந்திரன். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஊரில் எங்கள் வளவுக் கிணற்றில் இப்போது தேயிலைக்கு ஆகாத நீர்தான் வருகிறது. சுற்றிலும் இரவு பகலாக இயந்திரங்கள் இறைக்கின்றன. யுகட்டானிலும் கழிவுநீர் அதே கல்லிடுக்குகளில் இறங்குவதாகக் கவலைப்படுகிறார்கள்.

போவதானால் காலையில், கூட்டம் சேருமுன் போ. இக் கில்லுக்கு இறங்கும் கற்படிகள் ஈரமாக இருக்கும். அம்மாவின் கையை விடாதே. வரும் ஆடி அமாவாசைக்கு நான் கீரிமலைக்குப் போகிறேன். நீயும் வருவதாயின் நேரத்தோடு எழுது, ரயிலில் இருவருக்குமாக இடம் பதிந்துவைக்கிறேன்.

அன்புடன்,
சிவநேசன்